நான் விற்ற ராசி ரேடியோ

பொய் சொல்லிப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். நான் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன். அதிலும் யாரும் கண்டுபிடிக்காமல், நானாகவே மாட்டிக்கொண்டவன்.

யுத்தம் முடிந்த சமயம். தியாகராய நகரில் நாயுடு ஒருவர் ரேடியோ செட் தயாரித்து விற்றார். திரும்பி வரும் செட்டுகளைச் சரிசெய்து, நஷ்டமில்லாமல் மறுபடி விற்பது என் வேலை. (சேர்ந்து மூன்றே மாதம். அதற்குள் எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்ற நினைப்பு.)

ஒரு செட் பழுதே இல்லாமல் திரும்பி வந்தது. முதன்முதலில் திருகியதும் யாரோ காலமான செய்தி வந்ததாம், அபசகுனமாம். பெட்டியில் கீறல் வேறு விழுந்திருந்ததால் புதுசு என்று விற்க முடியாது.

மயிலாப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாள், நல்ல செட் ஏன் திரும்பி வந்தது என்று கேட்டார். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். என் மூளை சும்மா இருக்குமா? வாங்கிய வீட்டில் பத்தாம் மாதமே பிள்ளை பிறந்தது, அதன் தூக்கம் கெடுகிறதென்று கொடுத்துவிட்டார்கள், ராசியான செட் என்று அளந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கிப் போனார்.

ஒரு வருஷம் கழித்து, செட்டை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். நான் காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கினேன். பலனில்லை.

"ரேடியோ நன்னாத்தான் பாடறது, தம்பி. உங்க மேல தப்பில்லே. இத்தனை ராசியான செட்டே இவகிட்ட பலிக்கலையேன்னு எங்க மாமியார் அவருக்கு வேற பொண்ணு பார்த்துண்டிருக்கா."

அந்த ராசிக் கதை நான் சொன்ன பொய் என்று ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"எங்காத்துக்கு வந்து சொல்லுங்கோ" என்றார்.

செட்டைத் தூக்கிக்கொண்டு அவருடன் போனேன். மாமியாருக்குக் காது மந்தம். மெதுவாகச் சொன்னேன், விழவில்லை. உரக்கச் சொன்னேன், பாதிதான் விழுந்தது. மூன்றாம் தடவை, "பிள்ளை பிறந்ததுன்னு நான் சொன்னது பொய்" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் நான்கு தலைகள் முளைத்தன. அந்த அம்மாள் தலைகுனிந்து நின்றார். செட் அங்கேயே தங்கிவிட்டது.

"திரும்பி வந்ததை அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டியே, கெட்டிக்காரன்தான் நைனா" என்று முதலாளி முதுகில் தட்டினார். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் யார் பொய் சொல்லி அகப்பட்டாலும், "காது கேக்கலை, இன்னொரு தரம்" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வேறு பெண் பார்ப்பதை அவர்கள் நிறுத்தினார்களா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. எனக்கும் தெரியாது. அந்தத் தெருப் பக்கம் நான் அப்புறம் போகவேயில்லை.