துடைப்பம் வரைந்த சித்தப்பாவுக்கு

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் எழுதுவது.

பதினொரு பேருடைய வேலையைப் பறித்தவர் நீங்கள். அதில் ஒருத்தி உங்கள் அண்ணி. மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். சித்தியின் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்களுக்கு விஷயம் எதுவும் தெரியாது என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். அம்மா பெருக்கித் துடைக்கும் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தில், துப்புரவு ஆட்கள் வந்ததையும் போனதையும் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும். செயலி உங்கள் கம்பெனியுடையது, படங்கள் உங்களுடையவை. பழைய செயலியில் 'வேலை முடிந்தது' என்று எழுதிய பெரிய பட்டன் இருந்தது. அசிங்கமான பச்சை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. போன மாதம் நீங்கள் எழுத்தையெல்லாம் வழித்தெடுத்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள்: "நல்ல ஐகானுக்குக் கீழ எழுத்து எதுக்கும்மா? பாத்தாலே அது பேசணும்." அம்மா பூரித்துப்போய் உங்களுக்கு இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

அது பேசத்தான் செய்தது சித்தப்பா, ஆளுக்கொரு மாதிரி பேசியது. வேலை முடிந்ததற்கு நீங்கள் வைத்தது ஒரு சின்னச் சதுரம். பாட்டை நிறுத்துகிற சதுரமாம், பாட்டுக் கேட்டுக்கொண்டே கழிப்பறை கழுவுகிறார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. அது யாருக்கும் விளங்காததால் பழைய பட்டனைத் தேடி எல்லோரும் செட்டிங்ஸுக்குள் நுழைந்தார்கள். அங்கே பல்சக்கரம் மட்டும் மூன்று. ஒன்று மொழிக்கு, ஒன்று ஒலிக்கு, மூன்றாவது எதற்கென்று வரைந்த உங்களுக்கே வெளிச்சம். பெருக்கல் குறி ஒரு திரையில் மூடுகிறது, அடுத்த திரையில் அழிக்கிறது. லிஃப்ட் துடைக்கிற அக்கா, கதவைப் பூட்டியாயிற்று என்று சொல்லத்தான் பூட்டுப் படம் என்று நம்பி அழுத்த, செயலி அவளை வெளியே தள்ளிக் கடவுச்சொல் கேட்டது. அது என்ன சொல் என்று அவள் காவலாளியிடம் போய் விசாரித்தாள். மேற்பார்வையாளர் இரவு ஷிஃப்ட் ஆட்களைப் பதிய நிலாவை அழுத்தினார். திரை கறுத்துப்போனது. போன் செத்துவிட்டதென்று ரிப்பேர் கடைக்கு ஓடினார், கடைக்காரர்தான் சிரித்துச் சிரித்து எங்களிடம் சொன்னார்.

அந்த செட்டிங்ஸ் திரையின் கடைசியில் இருந்தது துடைப்பம். அதைக் கண்டுபிடித்தவள் அம்மா. பெருக்கி முடித்ததும் தொட்டாள். ஒரு கேள்விக்குறி வந்தது, சரிக்குறியைத் தொட்டாள். மணி ஒலித்து, திரையில் நட்சத்திரமாகப் பறந்தது. "நம்மள பாராட்டுதுடி" என்று மற்ற பத்துப் பேருக்கும் சொல்லிக்கொடுத்தாள். பத்தொன்பது நாள், பதினொரு பேரும், இடுப்பு ஒடியப் பெருக்கிவிட்டுத் துடைப்பத்தைத் தொட்டார்கள். உங்கள் தொழிலில் துடைப்பம் என்றால் இன்றைய பதிவு மொத்தத்தையும் அழி என்று அர்த்தமாம்.

ஆக, பத்தொன்பது நாளாக அந்தக் கட்டடத்துக்கு யாருமே வரவில்லை. தரை மட்டும் தானாகப் பளபளத்திருக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் வேலைக்கு வராததால் நீக்கம் என்று பதினொரு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம். அம்மா மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள்.

"தினமும் உங்க கையாலதான வாளி வாங்கினேன்?"

"குடுத்தேம்மா, இல்லைங்கல. ஆனா நீ வரலைன்னு அது சொல்லுதே."

அது சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்கு வாய் இருக்கிறது, அவள் பேச்சு எடுபடவில்லை. நீங்கள் பேச வைத்த படத்துக்கு நிர்வாகமே தலையாட்டுகிறது.

ஆறு பேரிடம் காட்டிச் சோதித்ததாகச் சொன்னீர்கள். ஆறு பேரும் உங்கள் அறையில் படம் வரைகிறவர்கள். துடைப்பம் பிடித்த ஒரு ஆளிடம் காட்டினீர்களா? தினமும் உங்கள் மேசைக்கடியில் ஒருவர் கூட்ட வருவார், நீங்கள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் காலை மட்டும் தூக்கிக்கொள்வீர்கள். அவரைக் கேட்டிருக்கலாம். நான் பெயர்ப்பலகை அச்சடிக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கழிப்பறைக் கதவுக்குப் பாவாடை போட்ட பொம்மை ஒட்டினாலும் கீழே 'பெண்கள்' என்று எழுதித்தான் கொடுப்போம். எங்கள் முதலாளிக்குக் கலையெல்லாம் தெரியாது. ஒருமுறை தவறான கதவுக்குள் போய் அடி வாங்கியவர், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் விசாரணை. அதோடு முடிவு எழுதிவிடுவார்கள். நீங்கள் நேரில் வந்து, இவர்கள் எல்லா நாளும் வந்தார்கள், துடைப்பத்தைத் தப்பாக வைத்தவன் நான்தான் என்று அதிகாரியிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்குக் கீழே 'அழி' என்று இரண்டே இரண்டு எழுத்து போட வேண்டும். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும். இந்த வாரம் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: உங்களுக்கு எதுவும் தெரியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உறையில் போடப் போகும்போதுதான் அம்மாவின் போனைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் நேற்றே உங்களுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருக்கிறாள். கடைசியில் இப்படி முடித்திருக்கிறாள்: "தப்பு எங்க மேலதான் தம்பி. படம் நல்லாத்தான் வரஞ்சிருக்கீங்க. இவ ஏதாவது கடுதாசி போட்டா மனசுல வச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க." அதற்கு உங்கள் பதில் ஒரு கட்டைவிரல் படம். தப்பு அவள் மேல்தான் என்பதற்கா, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்பதற்கா? எதற்கு என்று எழுத்தில் எழுதுங்கள்.