எல்லாருக்கும் ஒரே வடிகட்டி

உலக ஒலி வரலாற்றை எழுதுகிறவர்கள் இலங்கையின் இரத்தோட்டையை விட்டுவிட்டு எழுதினால், அந்த நூலைக் கடலை சுற்றக் கொடுத்துவிடலாம். இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழியில் பிரியும் தேயிலைத் தோட்டப் பாதையின் மூன்றாம் வளைவில்தான் மனித குலத்தின் செவிகளுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை தந்தவர் சதீஸ்குமார். தந்த பொருள், கார் சப்வூபருக்கென்று கையால் செய்த வடிகட்டி.

மூன்றாம் வளைவுக்கு மேலே பாதை கிடையாது. பாதை இருந்ததற்கான "அடையாளங்கள்" மட்டும் உண்டு. சதீஸ்குமாரின் கார் அங்கேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கும். அவரும் மனைவி நிரோஜாவும் கேஸ் சிலிண்டரை மாறி மாறித் தூக்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு ஏறுவார்கள். தன் வாசலில் தன் காரை ஒரு நாளாவது நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே இல்லை.

அதற்கும் காலம் கனிந்தது. மலைப்பாதை மேம்பாட்டுக் குழுத் தலைவர் ஆறுமுகநாதன் "மக்களின் கருத்தை அறிய" நேரில் வருவதாக அறிவித்தார். அவருடைய வாகனமும் மூன்றாம் வளைவோடு நின்றுவிடும் என்பதால் கூட்டத்தையும் அங்கேயே வைத்தார்கள். அங்கே மின்சாரம் இல்லை. ஆகவே சதீஸ்குமாரின் கார் ஏகமனதாக ஒலிபெருக்கியாக நியமிக்கப்பட்டது.

சதீஸ்குமார் களத்தில் இறங்கினார். பாட்டுக்காரரின் குரல், தாளத்தின் தடித்த சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூபருக்குள் புகுந்து தாளத்தைக் கெடுப்பது அவருக்குப் பல நாள் வருத்தம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து செப்புக் கம்பியை உரித்துத் தண்ணீர்க் குழாய்த் துண்டில் சுற்றினார். பழைய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒரு கொண்டென்சரைப் பிடுங்கிச் சேர்த்தார். தடித்த சத்தம் சுருள் வழியே தாராளமாகப் போகும். மெல்லிய சத்தம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். பாட்டைப் போட்டதும் "தும்" என்றது. கலப்படமற்ற, கன்னித் "தும்". டிக்கி மூடி கடகடவென்று ஆடியது. சதீஸ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

தோட்டத் தலைவர் சிவலிங்கம் பரிசோதனைக்கு வந்து சேர்ந்தார்.

"இது யாருக்குத் தம்பி?"

"டிக்கியில இருக்கிற பெரிய ஸ்பீக்கருக்குங்க."

"கதவுல ரெண்டு சின்னது இருக்கே, அதுகளுக்கு?"

"அதுகளுக்குத் தேவையில்லீங்க தலைவரே. அதுலதான் பேச்சு வரும்."

சிவலிங்கத்தின் முகம் மாறியது. "கூரைத் தகரம் வந்தா எல்லா லயத்துக்கும் குடுக்கிறோம். கம்பளி வந்தா எல்லாப் பேருக்கும் குடுக்கிறோம். பெருசுக்கு மட்டும் குடுத்துட்டுச் சின்னதுகள விட்டா நாளைக்குக் கேள்வி வரும்."

"ஸ்பீக்கர் கேள்வி கேக்காதுங்க."

"ஸ்பீக்கர் கேக்காது. ஆளுங்க கேப்பாங்க."

மீதிக் கம்பியில் இன்னும் இரண்டு வடிகட்டிகள் சுற்றப்பட்டு, மூன்று ஸ்பீக்கர்களுக்கும் "சம நீதி" வழங்கப்பட்டது. மறுபடி பாட்டைப் போட்டார்கள்.

"பாடுறவரக் காணோமே?" என்று கேட்டார் நிரோஜா.

"அவர் எதுக்கும்மா? அதான் தாளம் இருக்குல்ல," என்றார் சிவலிங்கம்.

"நாளைக்கு அந்த ஐயா பேசுறது கேக்குமாங்க?"

"கூட்டத்துல பேச்ச யாரும்மா கேக்குறா? சத்தம் கம்பீரமா இருக்கணும். அம்புட்டுத்தான்."

சதீஸ்குமாருக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் எதிர்த்துப் பேசினால் காரே வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தார். மூன்று வடிகட்டிகளையும் அப்படியே விட்டுவிட்டார்.

கூட்டம் சகல சம்பிரதாயங்களுடனும் தொடங்கியது. மாலை போட்டார்கள். காற்றில் அணைந்து அணைந்து மங்கள விளக்கு ஒருவழியாக எரிந்தது. சிவலிங்கத்தின் வரவேற்புரை ஆரம்பம் முதல் கடைசி வரை "தும் தும்" என்றே ஒலித்தது. அவருடைய வழக்கமான வரவேற்புரைதானே என்று சனம் அமைதியாக இருந்தது.

பிறகு ஆறுமுகநாதன் மைக்கைப் பிடித்தார். அவர் வாயிலிருந்து புறப்பட்ட குரலை ரிவர்ஸ்டன் காற்று அள்ளிக்கொண்டு போனது. மக்களுக்கு வந்து சேர்ந்தது காரின் பங்கு மட்டும். தன் குரலுக்கு மலையே அதிர்வதைக் கேட்டு அவர் மெய்சிலிர்த்தார். வீட்டில் யாரும் அவர் குரலுக்கு அப்படி அதிர்ந்ததில்லை.

நெடுநேரம் "தும்"மியபின் பேச்சை நிறுத்தினார். விரலை மேலே மலைப்பக்கம் நீட்டினார். கூட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"தும் தும் தும்?"

விரல் நீண்டது லயம் இருக்கும் பக்கம். பாதைதான், வேறென்ன! சதீஸ்குமார் துள்ளி எழுந்து கைதட்டினார். உடனே ஊரே தட்டியது. பின்னாலிருந்து விசில் பறந்தது. சிவலிங்கம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு ஓடினார். நிரோஜா மட்டும், "என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார். "நல்லாப் பேசினாரு," என்றார்கள்.

ஆறுமுகநாதன் வாகனத்தில் ஏறும்போது சதீஸ்குமார் கையைக் கட்டிக்கொண்டு போய் நின்றார்.

"ஐயா, பாதை வேலைய எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

"எந்தப் பாதை?"

"இந்த வளைவுல இருந்து எங்க லயம் வரைக்கும்ங்க."

ஆறுமுகநாதன் அவர் தோளில் பாசத்தோடு கை வைத்தார். "அதைத்தானே தம்பி வடிவாக் கேட்டனான். பாதைக்கு வந்த ஒதுக்கீட்டை மேல உச்சியில வியூ பொயின்ட் கட்ட எடுக்கப்போறம், உங்களுக்குச் சம்மதமோ எண்டு. ஏகமனதா நிறைவேறீட்டுது. எத்தினை ஊருக்குப் போயிருக்கிறன், இப்பிடி விட்டுக்குடுக்கிற சனத்தை நான் கண்டதில்லை."

சதீஸ்குமார் வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்க பேச்சு எங்களுக்கு ஒரு சொல்லுக்கூடக் கேக்கலீங்க!"

ஆறுமுகநாதன் கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேக்காமலோ தம்பி, எழும்பி நிண்டு முதல் ஆளாக் கை தட்டினனீங்கள்?"