தொப்பிக்குள் வந்த அழைப்பு

சகுனம் பார்ப்பவர்களில் எத்தனையோ ரகம் உண்டு. பூனை குறுக்கே போனால் திரும்பி வீட்டுக்குப் போகிறவர், தும்மினால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர், பதின்மூன்றாம் நம்பர் அறை வேண்டாம் என்கிறவர். இவர்களெல்லாம் பச்சைக் குழந்தைகள். இந்தக் கலையில் கரைகண்டவரைப் பார்க்க வேண்டுமானால் அயோவாவில் எங்கள் கார்வின் மில்ஸ் ஊருக்குத்தான் வர வேண்டும். சோளக்காட்டை ஒட்டி ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. அதில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தெறிந்தவர் ஆரின் டட்டில். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘அசையாதே ஆசாமி’.

அசையாதே ஆசாமியின் தத்துவம் எளிமையானது. பந்து அவர் கையிலிருந்து போகிறதே தவிர, அது எங்கே போய் விழும் என்பதை முடிவு செய்வது உலகத்திலுள்ள மற்ற எல்லோருடைய கைகால்களும்தான். பன்னிரண்டு வருஷமாகச் சின்ன லீக்கில், பெரிய லீக் அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் கீழ்ப்படியில், பந்தெறிந்துகொண்டிருந்தார். ஒரு தடவை, எந்த நேரத்தில் சாப்பிட்டாரோ, டப்பாவில் அடைத்த பீச் பழம் சாப்பிட்டுவிட்டுப் போய் ஜெயித்துவிட்டார். தொலைந்தது. அன்றிலிருந்து ஆட்ட நாளென்றால் காலையில் டப்பா பீச், இடது காலுறை முதலில், மைதானத்துக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டியைக் காரில் இரண்டு சுற்று, வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் ஒரு தாண்டு, ஜெயித்துக்கொண்டே இருந்தால் உள்சட்டைக்குத் துவைப்பு கிடையாது. ஒரு ஜூன் மாதம் தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

இதெல்லாம் அவரோடு போனால் சரி. போகுமா? அவர் மனைவி மார்லீன் அம்மாள் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்து இருக்கையில், இடது காலின்மேல் வலது காலைப் போட்டபடி உட்கார வேண்டும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் ஊரே எழுந்து சோம்பல் முறித்துப் பாட்டுப் பாடும். அந்த அம்மாள் மட்டும் எழக் கூடாது. பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கால் வலியாக்கும் என்று இரக்கப்படுவார்கள்.

ஜெயித்தால்? “பாத்தியா, சட்ட வேலை செஞ்சிடுச்சு” என்பார். தோற்றால்? “கால மாத்திப் போட்டியா இல்லையா? உண்மையச் சொல்லு.” வெற்றிக்குச் சட்டை, தோல்விக்குப் பெண்டாட்டி. நடுவில் பந்தெறிந்தவர் மட்டும் எதற்கும் பொறுப்பில்லை. எவ்வளவு வசதி!

அந்த அம்மாளும் மனுஷிதானே. அந்த வருஷம் வசந்தத்தில் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“ஆரின், இதான் கடைசி சீசன். பெரிய லீக்ல இருந்து போன் வந்தா போ, நானே பெட்டி கட்டித் தரேன். வரலன்னா அண்ணன் கடையில டிராக்டர் சாமான் விக்கப் போற. முப்பத்தி நாலு வயசாச்சு ராசா.”

“ஒரு நாள் மார்லீன். ஒரே ஒரு நாள் அங்க நின்னு எறிஞ்சாப் போதும். அப்புறம் நீ ஆணி விக்கச் சொன்னாலும் விக்கிறேன்.”

இதைச் சொன்னபோது மட்டும் அவர் எதையும் தொட்டுக்கொள்ளவில்லை, எச்சில் துப்பவில்லை. மனசாரச் சொன்னார். பெரிய லீக்கில் ஒரு நாள். மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

இப்போது ஆகஸ்ட் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அன்றைக்கு என்ன பீச்சோ தெரியாது, ஆரினுடைய பந்தை யாராலும் அடிக்க முடியவில்லை. ஆறு இன்னிங்ஸ் முடிந்து ஏழாவது நடக்கிறது. எதிரணிக்கு ஒரு ஹிட்கூட இல்லை, அதாவது பந்தை அடித்துவிட்டு ஒருவன்கூட அவுட்டாகாமல் ஓடிச் சேரவில்லை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் இப்படியே முடிந்தால் ஆயுசுக்கும் பேர் நிற்கும். ஆனால் இந்த மாதிரி நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு, சின்ன லீக்கோ பெரிய லீக்கோ, எல்லோருக்கும் பொது: பந்தெறிபவரிடம் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. ‘ஹிட்’ என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. பேசினால் போச்சு. ஊர் வழக்கமே இப்படியென்றால் அசையாதே ஆசாமி சும்மா இருப்பாரா? அவர் ஏற்கெனவே அணி முழுக்கச் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். “மைதானமே தீப்பிடிச்சாலும் எங்கிட்டச் சொல்லாதீங்கடா. நான் பாட்டுக்கு எறிஞ்சிட்டிருக்கேன்.”

மூன்று மணிக்கு இன்னும் பத்து நிமிஷம். மேனேஜர் கஸ் பெட்ராக்கிஸின் அறையில் டெலிபோன் அடித்தது.

பெரிய லீக்கிலிருந்து.

“எங்க பந்தெறியிற ஆளுக்குத் தோள்பட்ட போச்சு. உங்க ஆரின் டட்டில உடனே அனுப்பு. மூணரைக்குக் கேட்டுல கார் நிக்கும், விமானத்துக்கு அதான் கடைசி நேரம்.”

கஸ் ஜன்னல் வழியாக மைதானத்தை எட்டிப் பார்த்தார். “சார், அவன் இப்ப எறிஞ்சிட்டிருக்கான்.”

“அதனாலென்ன, வெளிய இழு.”

“எப்படி சார் இழுக்கிறது? ஏழாவது போயிட்டிருக்கு. அவங்களுக்கு இன்னும்... அது... ஒண்ணுகூட இல்ல.”

 அந்தப் பக்கத்துக் குரல் சட்டென்று தணிந்தது. “ஒண்ணுகூட இல்லையா? ஐயையோ. அப்ப பேசாதய்யா. பேசிடாத. மூணரைக்குள்ள அவனா எப்படியாவது வந்தா அனுப்பு. இல்லன்னா வேற ஆள ஏத்திவிடு.”

பார்த்தீர்களா? ஒரு மனுஷனின் பன்னிரண்டு வருஷத் தவத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது. அதை அவரிடம் சொல்லத்தான் ஆள் இல்லை. அந்தப் பெரிய இடத்துக்காரரும் இதே இனம்தான். பெரிய சம்பளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழாவதிலும் ஹிட் இல்லை. ஆரின் வந்து பெஞ்சின் கடைசியில் தனியாக உட்கார்ந்தார். கஸ் அவர் முன்னால் ஒரு தடவை இருமினார். ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஸ் ஒரு சீட்டில் நாலு வரி எழுதினார். எழுதுவது பேசுவது ஆகாதே! அதை ஸ்கிப் ஹால்வர்சனிடம் கொடுத்தார். ஸ்கிப் இன்னொரு பந்தெறிபவன், இருபத்திரண்டு வயசு, சகுனமாவது மண்ணாவது என்று திரிகிறவன், ஆட்டத்தின் நடுவே சாண்ட்விச் சாப்பிடுகிறவன். அவன் போய்ச் சீட்டை ஆரினின் முழங்கால்மேல் வைத்துவிட்டு வந்தான்.

ஆரின் சீட்டைப் பார்த்தார். பிரிப்பாரா? எழுத்தைப் படித்தால் அதுவும் பேச்சு மாதிரிதானே! தூக்கி எறிவாரா? மடியில் தானாக வந்த பொருளை எறிந்தால் இன்னும் மோசம். தொப்பியைக் கழற்றினார், மடித்த சீட்டை மடித்தபடியே உள்ளே வலது பக்கம் செருகினார், தலையில் மாட்டிக்கொண்டார். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரை வரிசையாக வீழ்த்தினார். அவ்வளவுதான், சீட்டு தாயத்து ஆகிவிட்டது. இனி ஆண்டவனே வந்தாலும் அதைப் பிரிக்க முடியாது.

பன்னிரண்டு வருஷம் காத்திருந்த அழைப்பு தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. மனுஷன் அதைத் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறார். பிறகு இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

வேறு வழியில்லாமல் கஸ் பார்வையாளர் பக்கத்துத் தடுப்புக் கம்பி ஓரமாக மூன்றாவது வரிசைக்குப் போனார்.

“மார்லீன், நீ சொல்லும்மா. உன் பேச்சக் கேப்பான்.”

“என் பேச்சையா? என் கால் எங்க இருக்கணும்னு சட்டம் போடுற ஆளு அவரு.” விஷயத்தைக் கேட்டதும் மார்லீன் அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. “நெசமாவா? பெரிய லீக்கா? அட கூறுகெட்ட மனுஷங்களா, இத வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் இருமிக்கிட்டிருந்தீங்க!”

எழுந்தார். வலது காலை இறக்கி, இரண்டு காலாலும் நின்றார். அந்த இருக்கையிலிருந்து ஆட்ட நேரத்தில் அவர் எழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கம்பியண்டை ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“ஆரின்! தொப்பியக் கழட்டு! சீட்டப் படி! ஆரின்!”

ஆரின் திரும்பிப் பார்த்தார். பெண்டாட்டி நிற்கிறாள்! அவருக்கு உயிரே போனது போல் ஆகிவிட்டது. கண்ணை இறுக மூடினார், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார், பெஞ்சில் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் மார்லீன் அம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, “உக்காரும்மா, கெடுத்துடாத” என்று அதட்டினார்கள். ஊரே அதட்டியது. நானும்தான்.

மூன்றரைக்குக் கேட்டில் கார் ஹாரன் அடித்தது. கஸ் ஒரு பெருமூச்சு விட்டார். “ஸ்கிப், நீ ஏறிக்கடா.”

“எங்க சார்?”

“பெரிய லீக்குக்கு.”

“இந்த சாண்ட்விச்ச முடிச்சிட்டு வரட்டுமா?”

“ஏறுடா!”

அவன் ஓடினான். போகிற வழியில் வெள்ளைக் கோட்டை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு போனான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். இன்னும் ஒரே ஒருத்தன். மைதானத்தில் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஆரின் தொப்பியைத் தொட்டார், எறிந்தார். அந்த ஆள் மட்டையின் நுனியால் ஏனோதானோவென்று தட்டினான். பந்து எழும்பி, மூன்று பேருக்கு நடுவில், யாருக்கும் எட்டாத இடத்தில் சொத்தென்று விழுந்தது. ஹிட்.

அடுத்தவனை அவுட்டாக்கி ஆட்டத்தை ஜெயித்தார்தான். அது யாருக்கு வேண்டும்? கையுறையைத் தரையில் வீசிவிட்டு நேராகக் கம்பியண்டை வந்தார்.

“எதுக்கு எந்திரிச்ச?”

மார்லீன் அம்மாள் கையை நீட்டி அவர் தொப்பியைக் கழற்றி, வியர்வையில் நனைந்திருந்த சீட்டைப் பிரித்து அவர் கையில் வைத்தார்.

ஆரின் படித்தார். இன்னொரு தடவை படித்தார். கேட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முதல் தடவையாக, பழி போட ஒரு காலும் கையும் அகப்படாமல், கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மார்லீன் அம்மாள் கம்பிக்கு இந்தப் பக்கம் மண்டிபோட்டு உட்கார்ந்து அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். திட்டுவதற்குப் பன்னிரண்டு வருஷச் சரக்கு கைவசம் இருந்தது, ஒரு சொல் சொல்லவில்லை. அன்றைக்கு எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஆரின் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“வலது பக்கம் செருகினேன் மார்லீன். இடது பக்கம் செருகியிருக்கணும்.”

இப்போது டிராக்டர் சாமான் கடையில் இருக்கிறார். நல்ல வியாபாரி. ஸ்கிப் பதினோரு வருஷம் பெரிய லீக்கில் எறிந்தான், எந்தக் காலுறையை முதலில் மாட்டினோம் என்று ஒரு நாளும் தெரியாமலே. அவன் எறிந்த நாளிலெல்லாம் ஆரின் கடை வானொலிக்கு எதிரே, இடது காலின்மேல் வலது காலைப் போட்டபடி, கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் ஆணி கேட்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஸ்கிப்புடைய பதினோரு வருஷமும் தன் கால் போட்ட பிச்சை என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

பாவம், பைத்தியக்கார மனுஷன் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள், இல்லையா? கொட்டுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள். போன கிரிக்கெட் போட்டியில், கடைசி இரண்டு ஓவர் இருக்கும்போது, கழிவறைக்குப் போன மைத்துனரை ஒரு சிக்ஸர் விழுந்த காரணத்துக்காக, “அங்கயே இருங்க மச்சான், வெளிய வந்துடாதீங்க!” என்று உள்ளேயே அடைத்துவைத்தது யார்? சோபாவின் மூலையில் ஒரு காலைத் தூக்கியபடி, மரத்துப்போன பிறகும் இறக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?

இருக்கட்டும். அந்த நேரத்தில் உங்கள் வீட்டு வாசல் மணி இரண்டு தடவை அடித்ததே, “யாரும் எந்திரிக்காதீங்க” என்றீர்களே. வந்தது யார் என்று அப்புறமாவது விசாரித்தீர்களா?