எதிர்ச்சொல் கேட்ட மாப்பிள்ளை

எனக்கு ஒரு வியாதி இருந்தது. இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், அவற்றுக்குள் என்ன உறவு என்று கண்டுபிடித்துப் பெயர் வைக்காமல் சும்மா இருக்க முடியாது. சிதம்பரத்தில் மொழியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலம் அது. ஒரே பொருள் தரும் சொற்கள், எதிர்ப்பொருள் தரும் சொற்கள், ஒன்று மற்றதன் வகை, ஒன்று மற்றதன் உறுப்பு என்று நான்கு கட்டம் போட்டு உலகத்தையே அடைத்துவிடலாம் என்று நம்பினேன். என் கல்யாணப் பத்திரிகையில் 'உற்றார் உறவினர்' என்று இருந்ததைப் பார்த்து, இரண்டும் ஒரே பொருளா, கொஞ்சம் வேறா என்று அச்சகத்துக்காரரைக் கேட்டவன் நான். (அவர், "ஒண்ண எடுத்துடவா சார்?" என்றார்.)

என் ஆய்வுத் தலைப்பு மீனவர் பேச்சில் உள்ள பொருள் உறவுகள். மனைவி தேவகி கடலூர் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். ஆராய்ச்சிக்காகத்தான் தன்னைக் கட்டிக்கொண்டேன் என்று இன்றைக்கும் சொல்வாள். (முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.) நானோ குறிஞ்சிப்பாடிக்காரன். கடல் என்றால் எனக்கு சில்வர் பீச்சும் மிளகாய் பஜ்ஜியும்தான்.

கல்யாணமாகி ஆறு மாதம். எதிர்ச்சொல் அத்தியாயத்துக்கு ஒரே ஆளிடம் நாற்பது சொற்களுக்கு விடை வாங்கி வரச்சொல்லி நெறியாளர் விரட்டிக்கொண்டிருந்தார். மாமியார் வீட்டுக்குப் போய், காலை ஒன்பதரைக்கு அத்தையைப் பிடித்துக்கொண்டேன். மாமாவும் மச்சான் மதியும் இன்னும் இரண்டு பேரும் விடியுமுன்பே ஃபைபர் படகில் போயிருந்தார்கள். அத்தை பின்கட்டில் வலை மேல் காய்ந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் குந்தி, போனில் பதிவை ஓடவிட்டேன்.

"அத்தை, நண்டு மீன்ல ஒரு வகையா?"

"நண்டு நண்டுதான் மாப்ள."

"கருவாடு?"

"அது கருவாடு."

வகைக் கட்டம் அத்தோடு படுத்துவிட்டது. எதிர்ச்சொல் பரவாயில்லை. கடல் ஏறுவது ஏத்தம் என்றால் இறங்குவது வத்தம் என்றார். மேடு, பள்ளம். ஆழம் என்றதற்கு, நடைவழியே தெரிந்த தெருவாசலைப் பார்த்துவிட்டு, "என்னா கேட்டீங்க?" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் வாசலைப் பார்த்தார். 'தகவலாளருக்குக் கூச்சம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். தெருவில் பெண்கள் இரண்டு மூன்று பேராக வேகமாகக் கடற்கரைப் பக்கம் போனார்கள். சந்தைக்குப் போகிறார்கள் போலும் என்று நினைத்தேன். சந்தை எதிர்த் திசையில் இருந்தது.

முப்பத்தொன்றாவது கேள்வி. "அத்தை, கடலுக்குப் போனவங்க கரையேறுறாங்கன்னு சொல்றோமில்ல? அதுக்கு எதிர் என்ன?"

அத்தை கை அப்படியே நின்றது. பதில் வராவிட்டால் நாமே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். எடுத்துக்கொடுத்தேன். "கரையேறலன்னு சொல்வீங்களா? இல்ல, கடலோட போயிட்டாங்கன்னா? அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை இருக்குமே அத்தை?"

அத்தை எழுந்து வந்து கருவாட்டுக் கையால் என் வாயைப் பொத்தினார்.

மாமியார் மருமகனைத் தொட்டுப் பேசுவதே எங்கள் பக்கம் வழக்கமில்லை. உப்பும் வாடையும் மூக்கில் ஏற, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவர் முகத்தையே முதல்முறையாகப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்.

தேவகி உள்ளேயிருந்து வந்தாள். "நாலு படகு ஒண்ணா போச்சு. மூணு எட்டு மணிக்கே வந்துடுச்சு. அப்பா போனு எடுக்கல. ஊரே அல்லாடுது, இங்க ஒக்காந்து என்ன கேட்டீங்க நீங்க?"

முப்பத்தொரு கேள்வி கேட்டவனுக்கு, வீட்டில் என்ன நடக்கிறது என்ற ஒன்றைக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

கரைக்கு நான் போவதற்குள் என் கேள்வி போய்விட்டிருந்தது. "இவருதான் கேட்டாராமா?" என்று ஒரு பெண் அடுத்தவளிடம் கேட்டாள். கொண்டல் காற்று மண்ணை வாரி இறைத்தது. இரண்டு படகுகள் தேடக் கிளம்பின. நானும் வருகிறேன் என்றேன். "வேணாம் சார். நீங்க பேசாம இருந்தாலே போதும்" என்றார் ஒருவர், மரியாதையாகத்தான். அத்தை மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி நின்றார். அழவில்லை. அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மதியம் போலத்தான் கவனித்தேன், என் கையிலிருந்த போன் இன்னும் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. அழித்தேன்.

நாலு மணிக்கு அந்தப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மதி படுத்திருந்தான். இன்ஜின் விசிறியில் வலைக் கயிறு சுற்றிக்கொள்ள, அறுத்துவிட அவன் இறங்கியபோது அலை தூக்கி விசிறி மேலேயே அடித்திருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அத்தை அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தைத் தடவிக்கொண்டே, "உசுரு இருக்குல்ல, உசுரு இருக்குல்ல" என்றார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஜி.எச்.சில் மாமா மட்டும், "என்னமோ கேட்டீங்களாமே மாப்ள?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா."

"இனிமே ஏதாச்சும் கேக்கணும்னா நாங்க வந்தப்புறம் கேளுங்க."

மதிக்கு விரல் போனது காலை ஆறு மணிக்கு. நான் கேட்டது பத்தரைக்கு. ஆகவே நான் நிரபராதி. இதைத் தேவகியிடம் விளக்கினேன். "போய் எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். நான் போகவில்லை. ஆய்வேட்டில் முப்பத்தொன்றிலிருந்து கட்டங்கள் காலி. வாய்மொழித் தேர்வில் காரணம் கேட்டார்கள். தகவலாளர் பதிலளிக்கவில்லை என்றேன். டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

எட்டு வருடம் ஆகிறது. நாங்கள் அங்கே தங்கும் நாட்களில் மாமாவும் மதியும் படகுக்குக் கிளம்பும்போதெல்லாம், அத்தை ஒரு வெல்லக் கட்டியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார். "வாயில போட்டுக்குங்க மாப்ள."

வாசலிலிருந்து மதி கத்துவான், மூன்று விரல் கையை ஆட்டிக்கொண்டு. "பெருசா குடும்மா! மாமா படிச்சவரு, சின்னது பத்தாது!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இன்ஜின் சத்தம் முழுக்க அடங்கும்வரை, அந்த வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.