சங்கிலி போட்ட சுவிட்ச்

மனிதகுலத்தைக் காப்பாற்றி வருபவர்கள் மருத்துவர்கள் என்று சிலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் காப்பாற்றி வருபவை பாதுகாப்புக் குழுக்களே. ஒரு பெரிய மருத்துவமனையின் பாதுகாப்புக் குழு, பூச்சாடி அளவே உள்ள ஒரு கண்ணாடிக் குழாயிடமிருந்து அத்தனை பேரையும் மீட்ட வரலாறு இது. அந்த வரலாற்றில் ரிப்பேர் அக்காவுக்குக் கிடைத்தது வில்லி வேஷம்.

கதிர்வீச்சுப் பிரிவின் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளருக்கு நோயாளிகள் வைத்த பெயர்தான் ரிப்பேர் அக்கா. ஒருநாள் காலையில், புற்றுக்கட்டியைக் கதிரால் கரைக்கும் இயந்திரம் மூச்சை நிறுத்திக்கொண்டது. அக்கா அதன் பின்பக்கத்து இரும்பு அலமாரியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்த வாயுக்குழாய் ஆயுள் முடிந்து கிடந்தது. பல்லாயிரம் வோல்ட் மின்சாரத்தை நொடிக்குப் பலநூறு தடவை துடிப்புத் துடிப்பாகத் திறந்துவிடும் சுவிட்ச் அது. வீட்டுச் சுவரில் இருப்பது அந்த வேலைக்குப் போனால் முதல் துடிப்பிலேயே உருகிவிடும்.

நல்லவேளையாக, மாற்றுக் குழாய் மறுநாளே வந்து இறங்கியது. போதாத வேளை, பெட்டியின்மேல் 'ஹைட்ரஜன் வாயு அடைக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி அதைப் படித்தார். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவசரக் கூட்டம் கூடியது.

"வாயு அடைச்சிருந்தா அது சிலிண்டர்," என்றார் அதிகாரி. "சிலிண்டர்னா கட்டடத்துக்கு வெளியில, கொட்டகையில, சங்கிலி போட்டு வைக்கணும். மின்சாரம் கிட்டவே வரக் கூடாது."

"சார், அது மின்சார சுவிட்ச். மின்சாரம் வராம அது என்ன வேலை செய்யும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். வாயுவுக்கு எதுக்கும்மா மின்சாரம்?"

வாயு உள்ளதெல்லாம் வெளியேற வேண்டும் என்ற விதியை உள்ளபடி அமல்படுத்தியிருந்தால், அந்த நேரத்தில் குழுவிலேயே பாதிப் பேர் எழுந்து போயிருக்க வேண்டும். குழு பெருந்தன்மையோடு விதியைக் குழாயோடு நிறுத்திக்கொண்டது.

குழாய் கொட்டகைக்குப் போனது. ஆள் உயர ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு நடுவே, முழங்கால் உயரம்கூட இல்லாத அதற்கும் ஒரு சங்கிலி. காவலுக்கு ஓர் ஆள்.

சிகிச்சை அறை வாசலில் நோயாளிகள் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தொண்டையில் கட்டி. கடைசி சீட்டுவரை போய்ச்சேர்ந்த குரல் இப்போது பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரைத் தாண்டாது. கட்டி கரைய ஆரம்பித்திருந்தது. நடுவில் விட்டால் மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"வண்டி எப்பம்மா கிளம்பும்?" என்றார் அக்காவிடம்.

"ஸ்பேர் வந்துடுச்சுங்க ஐயா. உள்ளே விடமாட்டேங்கறாங்க."

"ஏன், டிக்கெட் எடுக்கலையாமா?"

சிரிக்கப் போனவருக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் பட்ட சிவப்பை அவர் மடித்து மறைத்ததை அக்கா பார்த்துவிட்டாள். நேராகக் கொட்டகைக்குப் போனாள். என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைப் பார்த்தபடி நின்றவள் கண்ணில், சுவரில் இருந்த அறிவிப்பு பட்டது: 'காலி சிலிண்டர்களை இங்கே வைப்பது குற்றம்.'

அடுத்த நிமிடம் அதிகாரியின் அறையில் இருந்தாள்.

"சார், கொட்டகையில ஒரு காலி சிலிண்டர் இருக்கு."

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். அக்கா காட்டிய குழாயைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டார். விரலால் சுண்டினார். குலுக்கப் போனபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையா?"

அக்காவுக்குப் பொய் வராது. "வெளியில இருக்கற காத்தோட அழுத்தத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இருக்காது சார். கிட்டத்தட்ட காலி. இதைத் தயார் பண்றதே அப்படித்தான்."

"வாயு அடைச்சதுன்னு எழுதிட்டுக் காலியா அனுப்பியிருக்கானா? கம்பெனிக்குக் கண்டனம் தெரிவிக்கணும்."

"தெரிவிக்கலாம் சார். இதை இப்ப என்ன செய்ய?"

"முதல்ல இங்கேருந்து அப்புறப்படுத்து. எங்க வேணா கொண்டுபோ. என் கண்ணுல படக் கூடாது."

அவர் கண்ணில் படாத ஒரே இடம் இயந்திரத்தின் உள்பக்கம். அக்கா அங்கேயே கொண்டுபோய்ப் பொருத்தினாள். குழாயின் உள்ளே இருக்கும் இழை நன்றாகச் சூடேறும்வரை பொறுத்திருந்து உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்தாள். குழாய்க்குள் ஊதா வெளிச்சம் படபடத்தது. 'கிட்டத்தட்ட காலி'யாக இருந்த அந்த வாயு வேலையில் இறங்கிவிட்டது. முதலில் உள்ளே போனவர் கண்டக்டர்.

சில மாதங்கள் கழித்துப் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். வாயுவால் ஒரு விபத்துகூட நேராமல் காத்ததற்காக அதிகாரிக்குக் கேடயம் வழங்கப்பட்டது. நோயாளிகள் சார்பில் நன்றி கூறக் கண்டக்டரை மேடையேற்றினார்கள். கரகரப்பாக இருந்தாலும் குரல் திரும்பியிருந்தது. கடைசி வரிசையில் நின்ற அக்காவரைக்கும் அது கேட்டது.

"ஐயா பாதுகாப்புல புலி. அந்தக் குழாய்மேல ஒரு கீறல் விழல. கொட்டகை கொடுத்தாங்க, சங்கிலி கொடுத்தாங்க, காவலுக்கு ஆளும் கொடுத்தாங்க. எங்களுக்குப் பெஞ்சுதான். அதனால நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்."

அதிகாரி நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார்.

"அடுத்த தடவை சீக்கு வந்தா, இங்க சிலிண்டராத்தான் வருவேன். மனுஷனா வந்தா பாதுகாப்பு இல்ல."