பதில் வரும் வரை

"எங்க அய்யா செத்து நாலு வருசமாச்சு. அவருக்கு ரூம் ரெடியாயிருச்சு, எப்ப வாறீகன்னு மெசேஜ் அனுப்பிருக்கீக. என்ன வெளாட்டா?"

போனில் பேசியவர் முனீஸ்வரன். உத்தரகோசமங்கைப் பக்கத்து ஊர்களிலிருந்து தை அமாவாசைக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரம் வந்துகொண்டிருந்தார். லாட்ஜின் அறைகள் எல்லாம் இன்று அவருடைய கூட்டத்துக்குத்தான்.

பாண்டித்துரை வரவேற்பு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரில் சின்னக் கோளாறு, இப்போதே சரியாகிவிடும் என்று மன்னிப்புக் கேட்டான். உச்சிப்புளியைத் தாண்டிவிட்டோம், நேரில் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அவர் போனை வைத்தார்.

நேரில் பேசக் கூடாது. பேச்சு லாட்ஜ் முதலாளி செல்லச்சாமியின் காதுக்குப் போகும். போனால் பாண்டித்துரையின் பிழைப்பு அத்துடன் முடிந்தது.

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து அவன் கட்டிய மென்பொருள் இது. முதல் வாடிக்கையாளர் செல்லச்சாமி. அமாவாசையன்று தடங்கலில்லாமல் ஓடினால் அவருடைய மற்ற இரண்டு லாட்ஜுகளும் அவனுக்கு. ஓடாவிட்டால் ஊரில் அவன் அய்யாவின் மிளகாய்க் கொல்லை. அய்யா மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுவிட்டதாக அம்மா சொல்லியிருந்தாள்.

மென்பொருளில் பாதிக்கு மேல் யார் யாரோ எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்த திறந்தமூலக் கருவிகள். செல்லச்சாமிக்கு அதுதான் உறுத்தல். நேற்றும் கேட்டார்.

"ஏலே, சும்மா கெடைக்கிறது நின்னு ஒழைக்குமா?"

பாண்டித்துரை விளக்கினான். மொத்தமும் ஒரே மென்பொருளாக இருந்தால் ஓரிடத்தில் அடிபட்டாலும் எல்லாமே படுத்துவிடும். இது துண்டு துண்டானது. அறையைப் பார்க்க ஒன்று, பெயரைப் பார்க்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. ஒன்று செத்தால் மற்றவை நிற்கும். செத்ததை எழுப்பிவிடக் காவலாக ஒன்று இருக்கிறது. இதில் எதுவும் செத்தபடி கிடக்காது, அண்ணாச்சி.

செல்லச்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். திதி கொடுக்கிற ஊரில் இதைச் சத்தமாகச் சொல்லாதே என்றார். பிறகு ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்குப் போய்விட்டார்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பதிவு செய்கிறவர்கள் இரண்டு பெயர் கொடுக்க வேண்டும். தங்குகிறவர் பெயர் ஒன்று, யாருக்குத் திதி கொடுக்கிறார்களோ அவர் பெயர் ஒன்று. விடியற்காலையில் தங்குகிறவர் பெயரைப் பார்க்கும் துண்டு, காவல் எழுப்புவதற்குள், கொஞ்ச நேரம் விழுந்து கிடந்திருக்கிறது. ஒரு பெயர் கிடைக்காவிட்டால் அதே பதிவில் உள்ள அடுத்த பெயரை எடுத்துக்கொள் என்று பாண்டித்துரைதான் எழுதி வைத்திருந்தான். செய்தி அனுப்பும் துண்டு சொன்னபடி கேட்டு, எடுத்த பெயரை விடாமல் பிடித்துக்கொண்டது. செத்தவர்களை ஒவ்வொருவராக, மரியாதையாக, அறைக்கு அழைத்துக்கொண்டிருந்தது.

அவன் அந்தத் துண்டை நிறுத்தினான். காவல் துண்டு அதை எழுப்பியது. எழுந்தது எதையும் மறக்கவில்லை. எல்லாருக்கும் முதலிலிருந்து ஒரு முறை அனுப்பியது.

மறுபடியும் முனீஸ்வரன். பஸ்ஸில் எல்லார் போனும் ஒன்றாக அடிக்கிறதாம். ஒரு பொம்பளை அவள் மாமியார் பேரைப் பார்த்துவிட்டு போனைக் கீழே போட்டுவிட்டாளாம்.

பாண்டித்துரை காவல் துண்டை நிறுத்தினான். காவலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, அதற்குத் துணையாக இருந்த இன்னொரு காவல் விழித்துக்கொண்டது. நிலைமை மோசம் என்று முடிவெடுத்துச் செய்தி அனுப்பும் துண்டுகளை மும்மடங்காக்கியது. செத்தவர்கள் இப்போது மூன்று பக்கமிருந்தும் அழைக்கப்பட்டார்கள்.

அந்தக் கருவியை எழுதியவர்கள் கூடும் இணையதளத்தில் கேள்வி போட்டான். எங்கோ ஒரு நாட்டிலிருந்து உடனே பதில் வந்தது. இது கோளாறு அல்ல, அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அழைக்கப்பட்டவர் பதில் தரும் வரை, அல்லது வந்து சேரும் வரை, அழைப்பு ஓயாது. அந்தப் பதிலை இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள்.

அப்போது திரையில் முதல் பதில் விழுந்தது. பெயர் சாத்தையா. முனீஸ்வரனின் அய்யா.

"வாரேன்."

முனீஸ்வரன் நக்கல் செய்கிறார் என்று பாண்டித்துரை நினைத்தான். அந்த நக்கலுக்குத் தான் தகுதியானவன்தான் என்றும் நினைத்தான்.

வெளியே காற்று கூடியிருந்தது. வாசல் கதவு தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வரவேற்பில் இருக்க வேண்டிய மதுமதி மண்டபத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவள் இருந்தால் யோசனையாவது சொல்வாள். அவளுக்குப் போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. செய்தி ஓய வேண்டுமானால் அவர்கள் வந்து சேர வேண்டும். வந்துவிட்டதாக அவனே பதிந்துவிட்டால்?

சாத்தையா, வந்தாயிற்று என்று பதிந்தான். அவருக்கான அழைப்பு நின்றது. அடுத்து ராக்கு. அவளுக்கும் நின்றது. ஒவ்வொருவருக்கும் அறை கொடுத்து, சாவியை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். அது வேண்டியதில்லை. ஆனால் அறை கொடுத்தால் சாவி எடுத்து வைப்பது அந்த மேசையின் வழக்கம். கை தானாகச் செய்தது.

கடைசிப் பெயருக்கு வந்தபோது திரை முழுக்கப் பச்சையாகியிருந்தது. முனீஸ்வரனிடமிருந்தும் போன் வரவில்லை.

கதவு திறந்தது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

கடலில் முங்கிவிட்டு நேராக வந்திருப்பார்கள் போல. வேட்டியிலும் சேலையிலும் தண்ணீர் சொட்டியது. பையில்லை, பெட்டியில்லை, பஸ்ஸில் இருக்கும், முனீஸ்வரனும் அங்கேதான் நிற்பார். முனீஸ்வரனின் அதட்டலை எதிர்பார்த்திருந்தவனுக்கு அவர்களின் அமைதி பெரிய ஆறுதலாக இருந்தது. முதலில் நின்ற பெரியவரிடம் பெயரைக் கேட்டான்.

"சாத்தையா."

"அது திதி கொடுக்க வேண்டியவர் பேருங்கய்யா. உங்க பேரு?"

"அதான்ப்பா பேரு."

பாண்டித்துரைக்கு விளங்கிவிட்டது. அவர்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பார்கள். அவனுடைய பெயரே அவன் தாத்தாவுடையதுதான். பங்காளி வீட்டுக்கு ஒரு சாத்தையா இருப்பார். செத்தவர் பேரும் வந்தவர் பேரும் ஒன்றாக இருந்தால் மென்பொருள் என்ன செய்யும்? இத்தனை வருசம் படித்தும் சொந்த ஊர் வழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் போனோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. சாவியைக் கொடுத்தான். பெரியவரின் விரல் பட்ட இடம் ஜில்லென்றிருந்தது.

அடுத்து நின்றவள் ராக்கு. அவள் சாவியை வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"எத்தன தடவதான்யா கூப்புடுவ? அதான் வந்துட்டம்ல."

"தப்புதாங்கத்தா, மன்னிச்சிக்கிருங்க. இனி கூப்புட மாட்டேன்."

"கூப்புட்டா தேவலதான்," என்றாள். "ஒருத்தரும் கூப்புடுறதில்ல." சாவியை வாங்கிக்கொண்டு படியேறினாள்.

ஒரு சண்டையில்லை. கூட இன்னொரு தலையணை கேட்கவில்லை, மேல்மாடி வேண்டாம் என்று முரண்டு பிடிக்கவில்லை. இப்படியொரு கூட்டத்தை அந்த லாட்ஜ் பார்த்திருக்காது. எல்லாச் சாவியும் போய்விட்டது. தரையில் வாசலிலிருந்து படிவரைக்கும் உப்புத்தண்ணீர்.

பக்கத்துக் கடை அலியாரிடம் சொல்லி அறைகளுக்கு டீ கொடுத்தனுப்பினான். அலியார் கொண்டுபோன டீத் தூக்குப் போணியோடு அப்படியே இறங்கி வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை, எல்லாரும் அசதியில் தூங்குகிறார்கள் போலிருக்கிறது என்றார். பாண்டித்துரை ஒரு டீ வாங்கிக் குடித்தான். நல்ல டீ.

செல்லச்சாமி மதுரையிலிருந்து கூப்பிட்டார். அவர் போனிலும் லாட்ஜின் திரை தெரியும். எல்லா அறையும் பச்சை, ஒரு புகார்கூட இல்லை என்று குரலில் சந்தோசம். சும்மா கிடைத்ததை வைத்துச் சாதித்துவிட்டாய் என்றார். தேவிபட்டினம் லாட்ஜை அடுத்த வாரமே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாண்டித்துரை எழுந்து நின்று பேசினான்.

போனை வைத்ததும் மதுமதி கூப்பிட்டாள். காலையிலிருந்து முயற்சி செய்கிறாளாம், அவன் போன் கிடைக்கவே இல்லையாம்.

மெதுவாகவே வா, அவசரமில்லை என்றான். முனீஸ்வரனின் ஆட்கள் மொத்தப் பேரும் வந்தாயிற்று, சாவி கொடுத்தாயிற்று, எல்லாரும் அறையில் தூங்குகிறார்கள். தன்னைப் பற்றியும் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

மறுமுனையில் காற்று இரைந்தது.

"என்ன சார் சொல்றீக?" என்றாள் மதுமதி. "காத்துக்குப் பாம்பன் பாலத்த மூடி ரொம்ப நேரமாச்சு. முனீஸ்வரன் அண்ணன் பஸ்ஸு ரெண்டும் மண்டபத்துல என் பக்கத்துலதான் நிக்கிது. ஆளுக எல்லாரும் இங்கனதான டீ குடிச்சுக்கிட்டு இருக்காக."