பின்னங்கழுத்தில் ஓர் ஆணி

மலாய் நாட்டில் பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும், பேயைக் கட்டிக்கொள்ளத் தயாராக நடமாடிய மனிதர் எங்கள் ஆணிக்காரர் ஒருவர்தான். அவரை நினைத்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிடுகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவன். அவர் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பவர். சிறு வயதிலிருந்தே இரத்தக் காட்டேரிக் கதை கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்குமாம். இங்கே வந்ததும் மலாய்க்காரர்கள் சொல்லும் பொந்தியானாக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பிரசவத்தில் இறந்தவள் இரத்தம் குடிக்கும் பேயாக வருவாள். அவள் பின்னங்கழுத்தில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் அழகான பெண்ணாக மாறி, அடித்தவனுக்கே மனைவியாகிக் குடும்பம் நடத்துவாள். தோட்டக் கூலிகள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்திலோ பெண்கள் குறைவு. கல்யாணம் ஆகாமலே தலை நரைத்த ஆண்கள் அதிகம். மற்றவர்கள் பயந்த இடத்தில் இவருக்கு ஒரு வரன் தெரிந்தது. மடியில் எப்போதும் ஓர் ஆணி இருக்கும்.

அதை வாங்கிய கதையே தனி. லகாட் கடையில், "அண்ணே, பொந்தியானாக் கழுத்துக்கு எத்தன அங்குலம் சரியா வரும்?" என்று கேட்டாராம்.

"நீ மொதல்ல பொண்ணக் கூட்டிட்டு வாலா. அளவு பாத்துத் தாரேன்," என்றாராம் கடைக்காரர்.

ஈப்போவுக்கு மலாய் நாடகக் கூட்டம் வந்தால் நடந்தே போவார். ஒருமுறை மேடையில் பொந்தியானாக் முதுகைக் காட்டி நின்ற நேரம் பார்த்துக் கதாநாயகன் பாட ஆரம்பித்துவிட்டான். இவருக்குப் பொறுக்கவில்லை. "பாட்ட அப்புறம் பாடுடா! கழுத்து தெரியுது, அடி!" என்று ஆணியை எடுத்துக்கொண்டு மேடையை நோக்கிப் போனார். கதாநாயகனுக்குத் தமிழ் தெரியாது, ஆணி தெரிந்தது. ஓடிவிட்டான்.

ஆங்கிலப் புத்தகங்களில் படித்த கதைகளை நான் அவருக்குச் சொல்வேன். வெள்ளைக்காரக் காட்டேரி பூண்டுக்குப் பயப்படும் என்றதும் முகம் சுளித்தார். "பூண்டுக்கா? நம்ம லயத்துக்கு வந்தா ரச வாசத்துக்கே செத்துடுமே! அதெல்லாம் ஒரு பேயா கிராணியாரே?"

பிறகு பாக்கியம் வந்தாள். வேறு தோட்டத்து விதவை. அவர் கதைகளைக் கேட்டு ஓடாமல், உட்கார்ந்து சிரித்த ஒரே பெண். கல்யாணம் ஆயிற்று. அவள் பின்னங்கழுத்தில், எப்போதோ கட்டி வந்து ஆறிய வட்டத் தழும்பு ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பெரட்டில், வேலைக்கு ஆள் கூப்பிடும்போது, எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "யோவ், அது ஆணி அடிச்ச தழும்பு. உனக்கு முன்னாலயே எவனோ அடிச்சு வச்சிருக்கான்."

லயமே சிரித்தது. அதிகம் சிரித்தவள் பாக்கியம்தான். "அப்ப நான் தேடுன பொண்ணேதான் கெடைச்சிருக்கு!" என்று ஆணிக்காரர் பூரித்துப்போனார்.

மழைக்காலத்தில் லயத்துப் பெண்ணொருத்தி பிரசவத்தில் இறந்தாள். குழந்தையும் தங்கவில்லை. யாருக்கோ என் கேலி ஞாபகம் வந்தது. "இது பாக்கியம் வேலதான். அவ பொந்தியானாக்னு படிச்ச கிராணியே சொன்னாரே!" அப்புறம் பாக்கியத்தைக் குழாயடியில் அண்டவிடவில்லை. வாசலில் சாணி எறிந்தார்கள். அவள் முக்காடு போட்டுத் தழும்பை மறைத்தாள். மறைத்ததே சாட்சியாகிவிட்டது.

ஆணிக்காரர் ஆபீசுக்கு வந்தார். "வெளையாட்டுக்குச் சொன்னேன்னு பெரட்டுல ஒரு வார்த்த சொல்லிடுங்க கிராணியாரே. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன்.

மறுநாள் பெயர்களை மட்டும் வாசித்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே. இத்தனைக்கும் காரணம் என் பேச்சுதான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. மூன்றாம் நாள் அவர்கள் இருவர் பெயருக்கும் பதில் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பாகான் செராய் ஸ்டேஷனில் ஆணிக்காரரைப் பார்த்தேன், நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பாக்கியத்தைப் பற்றிக் கேட்டேன்.

"காய்ச்சல்ல போயிட்டா." குரலில் கோபமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொந்தியானாக்குக்கு ஏதுங்க சாவு? பாத்தீங்களா, அவ மனுசிதான். இப்பவாச்சும் லயத்துல சொல்லிடுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு ரயில் ஏறினேன். அவர் மடியில் இன்னும் ஆணி இருக்கிறதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பியும் வாய் திறக்கவில்லை.

இன்று அந்த லயம் இல்லை. கேட்க வேண்டியவர்களும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: அது கட்டி வந்த தழும்பு. பாக்கியம் மனுசிதான்.

சொல்லிட்டேன், ஆணிக்கார அண்ணே.